உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை: ஒரு ரிசீவர் வாங்கிய கதை

எங்கள் வீட்டு ரிசீவர் போன மார்கழியில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. 1996-இல், நான் இங்கே நியூஜெர்ஸியில் மாணவனாக இருந்தபோது, ஊருக்கே திரும்பிப் போகிற ஒருவரிடம் எழுபது டாலருக்கு வாங்கியது. இரண்டே சானல். இடது பக்கம் மட்டும் திடீரென்று நின்றுபோகும். சத்தத்தைக் கூட்டினால் ஒரு 'டக்'குடன் திரும்ப வரும். உள்ளே ஸ்பீக்கர்களை இணைக்கிற ரிலேயின் தொடுமுனைகள் கறுத்துப்போனால் இப்படித்தான் ஆகும். பழுது பார்க்கிறவர் கேட்ட கூலி, நான் வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்கு.

சரி, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு ஆசை இன்னொரு ஸ்டீரியோ ரிசீவர். பாட்டுக் கேட்கத்தானே? இரண்டு காது, இரண்டு ஸ்பீக்கர், போதும் என்கிற கட்சியைச் சேர்ந்தவன் நான். சினிமாவுக்காகச் செய்யப்பட்ட, பின்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஏவி ரிசீவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான்.

அந்தத் திட்டத்தை மாற்றியது அப்பா. அவருக்கு எண்பத்தொன்று. கும்பகோணத்துப் பக்கம் முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியராக இருந்தவர். இரண்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். பகல் முழுவதும் தமிழ்ச் செய்தி சானல். சத்தம் வைக்கிற அளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் தமிழ் கற்றுக்கொண்டிருப்பார். அப்படி வைத்தும், "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் என் மனைவி, "இவ்வளவு சத்தத்துல கேக்கலையா மாமா?" என்றாள். அதற்கு அவர் சொன்னது:

"கேக்குதும்மா. உயிரெழுத்தெல்லாம் நல்லாத்தான் கேக்குது. மெய்யெழுத்துதான் வரமாட்டேங்குது."

வாத்தியார் வேடிக்கையாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு காது பரிசோதித்தபோது கொடுத்த வரைபடத்தைப் பார்த்தால், அவர் சொன்னது அட்சரசுத்தமான உண்மை. ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கோடு ஓரளவு மேலேயே போகிறது. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் மாடிப்படியில் உருண்டதுபோல் இறங்குகிறது. வயதானால் பெரும்பாலோர்க்கு இப்படித்தான், முதலில் மேல் அதிர்வெண்கள் போகும். பேச்சில் உயிரெழுத்துகளின் பலமெல்லாம் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ஸ, த, ட போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற மெல்லிய உரசலும் வெடிப்பும் இரண்டாயிரத்துக்கு மேலேதான் அதிகம். ஆகவே சத்தத்தைக் கூட்டினால் உயிர் இன்னும் உரக்கக் கேட்கும். மெய் இருந்த இடத்திலேயே இருக்கும். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். உதவியது. ஆனால் செய்திக்குப் பின்னால் ஓயாமல் ஓடுகிற அந்தப் பரபரப்பு இசையையும் அது சேர்த்தே பெரிதாக்குகிறதே!

இங்கேதான் ஏவி ரிசீவர் உள்ளே நுழைந்தது. இப்போதைய தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் இருப்பது கீழே பார்த்தோ, சுவரைப் பார்த்தோ. பேச்சு நேராக ஆளிடம் வருவதில்லை. சினிமாவுக்கு ஐந்து சானலில் ஒலி கோக்கும்போது வசனத்தைப் பெரும்பாலும் நடு சானலில்தான் வைக்கிறார்கள். இசையும் மழையும் துப்பாக்கியும் இடவலத்தில். நடுவுக்கென்று தனி ஸ்பீக்கர் இருந்தால், அதை மட்டும் நாலு டெசிபல் உயர்த்தலாம். இரண்டே சானலில் வருகிற செய்தி, சீரியலுக்கும் வழி உண்டு. இடதுக்கும் வலதுக்கும் பொதுவாக இருப்பதைப் பிரித்து நடுவுக்கு அனுப்புகிற டால்பி ப்ரோலாஜிக் 2 என்ற முறை 2000-லேயே வந்துவிட்டது. பின்னாளில் டால்பி சரவுண்ட் என்ற பெயரில் அதே வேலையைச் செய்யும் முறை இன்றைய ரிசீவர்களில் இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் இரண்டிலும் பொதுவாக இருப்பதால் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னணி இசை ஓரளவுக்கு விலகிப் போகிறது. என் ஸ்டீரியோ கட்சி தோற்றது.

கடைக்குப் போவதற்கு முன்னால் வாட் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். ஏமாறுவதற்கு அதைப்போல வசதியான இடம் வேறில்லை.

வாட்டை இரட்டித்தால் கூடுவது மூன்று டெசிபல். கவனித்தால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவேண்டுமானால் பத்து டெசிபல் கூடவேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 50 வாட் ரிசீவருக்கும் 100 வாட் ரிசீவருக்கும் நடுவில் விலையில் இருக்கிற தூரம் காதில் இல்லை. அதைவிட முக்கியம் ஸ்பீக்கரின் பின்னால் எழுதியிருக்கும் உணர்திறன். என்னுடையவை 87 டெசிபல், 8 ஓம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும் என்று பொருள். நான் உட்காருவது மூன்று மீட்டர் தள்ளி. தூரத்தால் கொஞ்சம் குறையும், இரண்டாவது ஸ்பீக்கரால் கொஞ்சம் கூடும். எப்படியும் ஒரு வாட்டில் 83, 84 டெசிபல் வந்துவிடும். சாதாரணப் பேச்சு 60 என்று வைத்துக்கொண்டால், கச்சேரியை வீட்டில் வைத்து இதற்கு மேல் கேட்கமாட்டோம். மிச்ச வாட்டெல்லாம் மிருதங்கத்தில் விழுகிற அந்த ஒரு கண அடிக்காக. அதற்கு இருபது டெசிபல் இடம் விட்டாலும் நூறு வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அந்த நூறும் உண்மையான நூறாக இருக்கவேண்டும் என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் 1974-இலேயே இதற்கு விதி போட்டார்கள்: தொடர்ந்து எத்தனை வாட், எத்தனை ஓமுக்கு, எந்த அதிர்வெண்ணிலிருந்து எது வரை, எவ்வளவு சிதைவோடு என்று சொல்லியாகவேண்டும். ஸ்டீரியோ காலத்து விதி. ஏழு, ஒன்பது சானல் வந்தபிறகு 'இரண்டு சானல் இயங்கும்போது' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பெட்டியின் முகப்பில் சானலுக்கு நூறு என்று பெரிதாகப் போட்டார்கள். 2024-இல் விதியைத் திருத்தினார்கள். ஆனாலும் பொடி எழுத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவிகிதச் சிதைவு' என்று இருந்தால் அது வாட் இல்லை, விளம்பரம். '8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 0.08 சதவிகிதம், இரண்டு சானல்' என்பதுபோல் இருந்தால் நம்பலாம். இன்னொரு நாட்டுவைத்தியச் சோதனையும் உண்டு, தூக்கிப் பார்ப்பது. ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபயரில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாகவேண்டும், கனக்கும். டி வகுப்பு வந்தபிறகு இந்தச் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்துவதில்லை.

பின்பக்க ஓட்டைகளுக்கு வருவோம். டிவியிலிருந்து ஒலி ரிசீவருக்குத் திரும்பி வர ஒரே கம்பி போதும். எச்டிஎம்ஐயில் 2009-இல் வந்த ஏஆர்சி என்கிற வசதி அது. 2017-இல் வந்த இஏஆர்சி, சுருக்கப்படாத ஒலியையும் அனுப்பும். எங்கள் டிவியில் பழையதுதான். செய்திக்கு அதுவே அதிகம். வீட்டில் விளையாட்டுக்காரப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் எச்டிஎம்ஐ 2.1 பற்றி விசாரியுங்கள். 2020-இல் வந்த சில ரிசீவர்களில் அந்தச் சில்லில் கோளாறு இருந்து, சில விளையாட்டுப் பெட்டிகளின் படமே வராமல் போனது. பழையது மலிவாகக் கிடைக்கும்போது அந்த வருடத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

நான் தேடியது இதற்கு நேர்மாறான ஒன்றை: பழைய ஆர்சிஏ உள்ளீடுகள். வருடத்துக்கு வருடம் இவற்றைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அப்பாவிடம் அறுபது, எழுபது காசெட்டுகள் இருக்கின்றன. வானொலியில் சனிக்கிழமை இரவு வந்த தேசிய இசை நிகழ்ச்சியிலிருந்து பதிவு செய்தவை. 1952-இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. அவர் காசெட் பதிவுக்கருவி வாங்கியது எழுபதுகளின் கடைசியில். டேப் டெக்கை இணைக்க ஒரு ஜோடி ஆர்சிஏ கட்டாயம் வேண்டும். இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் 'ஃபோனோ' என்று எழுதியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். இசைத்தட்டு முள்ளிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதைச் சாதாரண உள்ளீட்டில் செருகினால் கொசு பாடுவதுபோல் கேட்கும்.

டெனான், யமஹா, ஓன்கியோ என்று மூன்று கம்பெனிகளைப் பார்த்தேன். இதில் ஓன்கியோவின் பழைய ஜப்பானியக் கம்பெனி 2022-இல் திவாலானது. இப்போதுள்ளது கைமாறிய பெயர். கடைசியில் ஒரு முந்தைய வருட மாடல், ஏழு சானல், ஐந்நூற்றுச் சொச்சம் டாலர். எதை வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை. இந்த விலையில் மூன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு என்னால் சொல்லமுடியாது. மிச்சப்பட்ட பணத்தில் நல்ல நடு ஸ்பீக்கர் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் ஸ்பீக்கர் கம்பிக்கு மட்டும் நூற்றைம்பது டாலர் சொன்னார். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். வன்பொருள் கடையில் பதினாறாம் நம்பர் செப்புக்கம்பி போதும். ஐம்பது அடி போகவேண்டுமென்றால் பன்னிரண்டு.

பழைய ரிசீவரில் இல்லாத ஒரே அதிசயம் அறைத் திருத்தம்தான். கூட ஒரு சின்ன மைக் வருகிறது. அதை உட்காருகிற இடத்தில் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'கீச்' என்று ஓர் ஒலி எழுப்பி, அது வந்து சேரும் நேரத்தையும் பலத்தையும் அளக்கிறது. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்ட். எங்கள் கூடம் பதினெட்டு அடி நீளம். அதன் இரு சுவருக்கும் நடுவில் 31 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 62-ம் தேங்கி நின்று ரீங்கரிக்கும். எந்த வாட்டும் எந்தக் கம்பியும் தீர்க்காத தொல்லை இது. அளந்து அந்த இடத்தைத் தட்டிவைத்தால் மட்டுமே பேச்சின் மேல் படிந்த 'பூம்' விலகும். மைக்கை என் சோபாவில் வைக்கலாமா, அப்பாவின் சாய்வு நாற்காலியில் வைக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நாற்காலியில் வைத்தேன்.

முதலில் போட்டது காசெட். மேல்ஸ்தாயியில் மினுமினுப்பு எதுவும் இல்லை. இருக்கவும் வழியில்லை. மத்திய அலை ஒலிபரப்பில் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அநேகமாக ஒன்றும் வராது. எனக்கு அது குறையாகப் பட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். அந்த ஒலிநாடா முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அவர் காதும் முடிகிறது. அவர் மட்டில் எதுவும் விட்டுப்போகவில்லை.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் முன்பு வைத்ததில் பாதிதான். நடு சானலை நாலு டெசிபல் ஏற்றியிருந்தேன். அப்பா திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, இந்தப் பொண்ணு மழையை 'மலை'ங்கிறாளே. இத்தனை நாளா இப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாளா?"

ஆமாம் அப்பா என்றேன். அன்றிலிருந்து தினமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு அவளுடைய பிழைகளை எழுதிக்கொண்டிருக்கிறார்.