உங்களுக்குத் தெரியுமா? காரட்டின் சத்தும் மாத்திரையும்

ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்து வயோதிகத்தில் தேகத்தைக் காக்குமென்று நம்பப்பட்டதும், காரட்டுக்கு அதன் செம்மஞ்சள் நிறத்தைத் தருவதுமான பீட்டா கரோட்டின், பின்லாந்து தேசத்தில் புகைபிடிக்கும் பழக்கமுள்ள 50 முதல் 69 வயது வரையிலான 29,133 ஆண்களைக் கொண்டு நடந்த பரிசோதனையில், தினந்தோறும் 20 மில்லிகிராம் மாத்திரையாக உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோயைக் குறைப்பதற்கு மாறாக 18 சதவீதம் மிகுதியாக்கிவிட்டது என்று 1994-இல் வெளியாயிற்று.

• அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த பரிசோதனை, அங்கும் அவ்வாறே நோய் மிகுந்ததால், 1996-இல், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே நிறுத்தப்பட்டது.

• புகையினால் அழற்சியுற்ற நுரையீரலில், அளவு மிஞ்சிய பீட்டா கரோட்டின் தானே ஆக்சிஜனேற்றமடைந்து கேடு விளைவிக்கக்கூடும் என்பது விஞ்ஞானிகளின் அபிப்பிராயம். புகைப்பழக்கமுள்ள பெரியவர்களுக்கு அன்போடு சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்போர் இதனை அவசியம் அறிய வேண்டும்.

• அதே பின்லாந்து ஆண்களில், காய்கனிகளை மிகுதியாகப் புசித்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது.