கோல்ஃப் பழக வேண்டுமா? குழியிலிருந்து தொடங்குங்கள்!

வேலை நிமித்தம் ஊர்விட்டு வந்த நம் குடும்பங்கள் பலவற்றுக்கு கோல்ஃப் மைதானம் என்பது மதில் சுவருக்கு அப்பால் தெரியும் பசுமை மட்டுமே. ராணுவக் குடியிருப்புகளிலும் ஜாம்ஷெட்பூர் போன்ற ஆலை நகரங்களிலும் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே மைதானம் இருக்கும். இருந்தும், "அதெல்லாம் பெரிய அதிகாரிகள் ஆடுவது, நமக்கெதற்கு?" என்று ஒதுங்கி விடுகிறோம். பணம் ஒரு காரணம். கூச்சம் அதைவிடப் பெரிய காரணம். இரண்டையும் சற்று ஆராய்வோம்.

1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழமையானது. வெகுகாலம் வெள்ளைக்காரர்கள் ஆடினார்கள். நம்மவர்கள் மட்டைப் பையைச் சுமந்தார்கள். பை சுமப்பவரை 'கேடி' என்பார்கள். நம் ஊர்ப் பொருளில் அல்ல! அப்படித் தில்லியில் பை சுமந்த அலி ஷேர்தான் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர். கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்த தொழிலாளியின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அதே பட்டத்தை வென்றார். ஆகவே, இது யாருடைய விளையாட்டு என்ற கேள்விக்கு மைதானமே பதில் சொல்லிவிட்டது.

ஆட்டத்தின் அடிப்படை மிக எளிது. ஒரு மேடையிலிருந்து பந்தை அடித்து, தொலைவில் கொடி நட்டிருக்கும் நாலேகால் அங்குலக் குழியில் விழச் செய்ய வேண்டும். இப்படிப் பதினெட்டு குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும், தூரத்தைப் பொறுத்து, 3, 4 அல்லது 5 அடிகள் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதற்குப் 'பார்' என்று பெயர். பாரைவிட ஓர் அடி குறைந்தால் 'பேர்டி', ஓர் அடி கூடினால் 'போகி'. இந்தப் போகிக்குப் பழைய பாய் கொளுத்த வேண்டியதில்லை. புதிதாக ஆடுபவர் ஒரு குழியைப் போகியில் முடித்தால் மகிழ்ச்சியோடு அடுத்த குழிக்கு நடக்கலாம்.

இப்போது செலவைப் பார்ப்போம். ஆட்டத்துக்கு அதிகபட்சம் 14 மட்டைகள் கொண்டு போகலாம் என்பது விதி. 14 வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதல் சில மாதங்களுக்கு எதையுமே வாங்காதீர்கள். பல நகரங்களில் 'டிரைவிங் ரேஞ்ச்' எனப்படும் பயிற்சித் திடல்கள் உள்ளன. கூடைக் கணக்கில் பந்துகளுக்குக் காசு கட்டி, வாடகை மட்டையில் அடித்துப் பழகலாம். கிளப் உறுப்பினராக இல்லாதவர்களும் ஆட இடமுண்டு. தில்லி லாடோ சராயில் டி.டி.ஏ. அமைத்த குதுப் கோல்ஃப் மைதானம் பொதுமக்களுக்கானது. ஆலை, ராணுவ மைதானங்களில் ஊழியர் குடும்பத்துக்கு என்ன விதி என்று கேட்டறியுங்கள். உடைக்கும் தனிச் செலவு வேண்டாம். காலர் வைத்த பனியன், சாதாரண முழுக்கால்சட்டை, ரப்பர் அடி வைத்த விளையாட்டுக் காலணி போதும். ஜீன்ஸைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

எதிலிருந்து பழகுவது? புதியவர்கள் எல்லோரும் நீண்ட 'டிரைவர்' மட்டையை எடுத்து, பந்தை ஆகாயத்துக்கு அனுப்பவே ஆசைப்படுவார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். வழக்கமான மைதானத்தின் மொத்தப் பார் 72. அதில் ஒரு குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரையில் பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கியவை. பாதி ஆட்டம் உருட்டுவதுதான்! அதற்குப் பலமும் வேண்டாம், வயதும் தடையில்லை. ஆகவே குழியிலிருந்து பின்னோக்கிப் பழகுங்கள். முதலில் மூன்றடி தூரத்திலிருந்து உருட்டுதல்; பிறகு இருபது, முப்பது அடி. அடுத்து, புல்தரை ஓரத்திலிருந்து சிறு தட்டல். அதன்பின் 7-ஆம் எண் இரும்பு மட்டையால் அரை வீச்சு, முழு வீச்சு. டிரைவர் கடைசியில் வரட்டும்.

கிரிக்கெட் ஆடிய நம் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே சிக்சருக்குப் பந்தைத் தூக்கி அடித்த பழக்கம் இங்கே உதவாது. கோல்ஃப் மட்டையின் முகம் சாய்வாகச் செய்யப்பட்டது. பந்தை உயர்த்துவது அந்தச் சாய்வின் வேலை. தரையிலுள்ள பந்தை இரும்பு மட்டையால் அடிக்கும்போது மட்டை கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும், பிறகே தரையையும் தொட வேண்டும். நாமாகத் தூக்க முயன்றால் பந்து தரையோடு ஓடும். பிடியும் இறுக வேண்டாம். தோள் விறைத்தால் வீச்சு கெடும். தவறான வீச்சு ஒருமுறை படிந்துவிட்டால் மாற்றுவது கடினம். எனவே மட்டை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தகுதியான பயிற்சியாளரிடம் நாலைந்து பாடங்களுக்குச் செலவிடுவது மேல்.

குடும்பமாக ஆடுவதற்கு ஏற்றது இந்த 'ஹேண்டிகேப்' முறை. அவரவர் திறமைக்கேற்ப அடிகளைக் கழித்துக்கொள்வது இது. உச்சவரம்பு 54, அதாவது குழிக்கு மூன்று. 20 சலுகையுள்ள அப்பா 93 அடிகளில் முடித்தால் கணக்கு 73. 40 சலுகையுள்ள மகள் 110-இல் முடித்தால் கணக்கு 70. வென்றவள் மகளே! சிறு வயதிலேயே மட்டை பிடித்த பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். அங்கே அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய தாயார்.

சில ஒழுங்குகளையும் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். வீச்சுக்கு முன் அருகில் யாருமில்லை என்று பாருங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பந்து பிறர் பக்கம் போனால் "ஃபோர்!" என்று உரக்கக் கூவுங்கள். மணற்குழியில் பதிந்த கால்தடத்தைச் சீராக்குங்கள். காணாமற்போன பந்தைத் தேட மூன்றே நிமிடம்தான். கேடியை மரியாதையோடு நடத்துங்கள்; அந்த மைதானத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவருக்கு அத்துப்படி.

இவ்விளையாட்டில் பெரும்பாலும் நடுவர் உடன் வருவதில்லை. புதருக்குள் பந்து தெரியாமல் அசைந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியவர் நாமே. பிள்ளைகளுக்கு நேர்மையைப் போதிக்க நாம் எவ்வளவோ பேசுகிறோம். பேச்சே இல்லாமல் அதைப் பழக்கும் ஒரு மைதானம் வீட்டுக்கு அருகில் இருக்குமானால், மதிலுக்கு வெளியே நிற்பானேன்? அடுத்த ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன், ஒரு கூடைப் பந்துக்குக் காசு கட்டிப் பாருங்கள்.