தொடாமலே தோலின் ஈரம் அறியும் அலை

விருத்தாசலத்தின் செராமிக் பட்டறைகளில் ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை என்று களிமண் பல வடிவம் எடுக்கிறது. அச்சிலிருந்து எடுத்த பொருள் நன்றாகக் காய்ந்த பிறகே சூளைக்குள் போகும். உள்ளே ஈரம் தங்கிவிட்டால் சூட்டில் வெடிக்கும். மண்ணின் ஈரத்தை இவ்வளவு கவனிக்கும் கைகளின் தோலில் எவ்வளவு ஈரம் இருக்கிறது? தொடாமலே அதை அளக்கும் முறை ஆய்வகங்களில் உருவாகி வருகிறது. அதற்குக் கருவியாக அமைவது மில்லிமீட்டர் அலை.

30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட இந்த ரேடியோ அலைகளின் நீளம் 10 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை. 1890-களிலேயே இவற்றை உண்டாக்கி ஆராய்ந்த முன்னோடி, கொல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் ஆய்வை விளக்கினார்.

ஒரு பொருளுக்குள் அலை எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும் எண்களில் ஒன்று, பிளஸ் டூ இயற்பியலில் வரும் ஒப்புமை விடுதிறன். பீங்கானுக்கு அது சுமார் 6. 60 கிகாஹெர்ட்ஸில் மனிதத் தோலுக்குச் சுமார் 8. எண்கள் அருகருகேதான். ஆனால் பீங்கானுக்குள் நுழைந்த அலை பெரும்பாலும் மறுபக்கம் வந்துவிடும். தோலுக்குள் நுழைந்ததோ அரை மில்லிமீட்டர் ஆழத்திலேயே வலுவிழந்துவிடும். காரணம் தண்ணீர். நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் தன்மையும் மறுமுனை எதிர்மின் தன்மையும் கொண்டது. அலையின் மின்புலம் மாறும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்க்கும். வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கும். அந்த இழுபறியில் அலையின் ஆற்றல் வெப்பமாகிறது. சூளையில் வெந்த பீங்கானில் அப்படித் திரும்புவதற்கு நீர் இல்லை.

தோலில் விழும் அலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பி வருகிறது. தோலின் நீர் அளவு மாறினால், திரும்பும் அலையின் வலிமையும் கட்டமும் (அலையின் ஏற்ற இறக்க நிலை) மாறும். அதைக் கணக்கிட்டு ஈரத்தை மதிப்பிடலாம். உணர்விகளுக்கு மிகக் குறைந்த திறன் போதும். எக்ஸ் கதிர்போல அணுக்களை அயனியாக்கும் ஆற்றல் இந்த அலைக்கு இல்லை. தோல் நிறத்துக்குக் காரணமான மெலனின் ஒளியை உறிஞ்சுவதால் ஒளியால் அளக்கும் கருவிகள் கருமையான தோலில் தடுமாறலாம். இங்கே தீர்மானிப்பது நீர். தொட்டாலே வலிக்கும் தீப்புண்ணுக்கும் பச்சிளம் குழந்தையின் மென்தோலுக்கும் இம்முறை பெரிய வரமாகலாம்.

தடைகளும் உண்டு. மூச்சுவிடும்போது உடலில் ஏற்படும் சிறு அசைவே அலையின் கட்டத்தை மாற்றிவிடும். வியர்வை, தோலின் வளைவு, கருவி பார்க்கும் கோணம் எல்லாம் குறுக்கிடும். உள்ளங்கையின் மேல்தோல் தடிப்பானது, ஈரம் குறைந்தது. அதனால் முன்கையைவிடக் குறைவாகவே அலையைத் திருப்புகிறது. வேலையால் காய்த்துப்போன கையில் அந்த வேறுபாடு இன்னும் கூடலாம்.

எனவே ஆய்வகத்தில் கிடைக்கும் மென்மையான முன்கைகளை மட்டும் வைத்து இக்கருவியைத் தரப்படுத்துவது போதாது. மண் பிசையும் கை, சூளைச் சூட்டில் நிற்கும் கை, வயலில் நாற்று நடும் கை ஆகியவற்றின் அளவுகளும் அதில் சேர வேண்டும். தோல் அதிகம் வறண்டு வெடிப்பது இந்தக் கைகளில்தான். கருவியின் முதல் பயனும் இந்தக் கைகளுக்கே சேர வேண்டும்.