‘இதை எங்கே படிச்சீங்க?’ – மின்நூலகங்களில் ஆதாரம் தேடுவது எப்படி?

விமானத்தில் உணவு பரிமாறும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஏவியான்கா நிறுவனத்தின் மீது ஒரு பயணி நியூயார்க்கில் வழக்குப் போட்டார். அவருடைய வழக்கறிஞர் 2023-ல் தாக்கல் செய்த மனுவில் பழைய தீர்ப்புகள் வரிசையாக மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தால், அவற்றில் பல எங்கேயுமே இல்லை. எல்லாம் சாட்ஜிபிடியின் கற்பனை!

இதைவிட சுவாரஸ்யம், அந்த வழக்கறிஞர் சந்தேகம் வந்து ‘இது நிஜ வழக்குதானா?’ என்று கேட்டது அதே சாட்ஜிபிடியிடம்தான். நிஜம்தான், லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெஸ்ட்லா தளங்களில் இருக்கிறது என்று அதுவும் கூசாமல் சொன்னது. அந்தத் தளங்களில் ஒருமுறை தேடியிருந்தாலே விஷயம் வெளிச்சமாகியிருக்கும். கடைசியில் 5,000 டாலர் அபராதம்.

வக்கீல்களுக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. ஆபீஸ் பிரசன்டேஷனில் ஒரு புள்ளிவிவரம் போடுகிறோம், ஃபேமிலி குரூப்பில் தடுப்பூசி பற்றி ஒரு ஃபார்வர்டு வருகிறது. ‘இதை எங்கே படிச்சீங்க?’ என்று யாராவது கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

காலேஜ் லாகின் போன பிறகு?

படிப்பு முடிந்ததும் நூலக லாகினும் போய்விடும். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், சுமார் 13,000 ஆய்விதழ்கள். ஆனால், முதல் கட்டத்தில் பலன் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களுக்குத்தான். வேலைக்குப் போய்விட்டவர்கள் வெளியேதான் நிற்கிறார்கள்.

அதற்காகக் கதவே இல்லை என்று அர்த்தமில்லை. ஜேஸ்டோர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் வரை ஆன்லைனில் வாசிக்கலாம். மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல். ‘அன்பேவால்’ என்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன், காசு கேட்கும் கட்டுரைக்கு சட்டப்படியான இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

நம் ஊரில் பலரும் கண்டுகொள்ளாத புதையல் ‘சோத்கங்கா’. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஹெச்டி ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாக அங்கே கிடைக்கின்றன. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. முழுசாகப் படிக்க வேண்டாம். முன்னாய்வுகளைப் பேசும் அத்தியாயத்தையும் துணைநூல் பட்டியலையும் மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். உங்கள் தலைப்பில் அதுவரை யார் என்ன எழுதினார்கள் என்று ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து சேர்த்தது, ரெடிமேடாகக் கைக்கு வரும்.

பெயர் தெரியாமல் தேடினால் கிடைக்காது

கேள்வியை அப்படியே தேடுபெட்டியில் போடுவது கூகுள் பழக்கம். நூலகத் தளங்களில் அது அவ்வளவாக எடுபடாது. ‘வீட்டிலிருந்து வேலை பார்த்தால் உற்பத்தி குறையுமா?’ என்பதைச் சொற்களாக உடைக்க வேண்டும். ‘ரிமோட் ஒர்க்’ என்று மட்டும் தேடினால் சமீபத்திய கட்டுரைகள்தான் அதிகம் வரும். 1970-களிலேயே இதே விஷயம் ‘டெலிகம்யூட்டிங்’ என்ற பெயரில் பேசப்பட்டது. அந்தச் சொல்லையும் சேர்த்தால் பல வருட ஆய்வுகள் திறக்கும். சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த வரிசையிலேயே தேடும். இரண்டு சொற்களுக்கு நடுவே ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘ஆர்’ போட்டால், இரண்டில் எது இருந்தாலும் வரும்.

தமிழில் இது இன்னும் கஷ்டம், இன்னும் ஜாலி. நூறு வருடத்துக்கு முன்பு நம் ஊரில் காலரா எப்படி இருந்தது என்று தேடுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். அன்றைய புத்தகத்தில் அது வாந்திபேதியாக இருக்கலாம், விஷபேதியாக இருக்கலாம். ஆங்கில ஆவணங்களில் ஊர்ப் பெயரே வேறு: தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, திருநெல்வேலி ‘டின்னவேலி’, தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’. இன்றைய ஸ்பெல்லிங்கில் தேடிவிட்டு ‘ஒண்ணுமே இல்லை’ என்று மூடிவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் நோய் அறிக்கைகள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஏராளமான பழைய நூல்கள் பக்கங்களின் படங்களாக ஏற்றப்பட்டுள்ளன. அப்படிப்பட்ட நூலின் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடுபெட்டி கண்டுபிடிக்காது. தலைப்பு, ஆசிரியர் பெயர் வைத்து நூலைப் பிடித்து, பொருளடக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும். இன்னொரு கண்ணி: பழைய நூல்களின் முகப்பில் சில சமயம் ‘பிரபவ வருஷம்’ என்று மட்டும் இருக்கும். 60 வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பெயர் திரும்பி வரும். ஆக அது 1867-ஆ, 1927-ஆ? அச்சகம், தாள், எழுத்து நடை எல்லாம் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ தளம் இருக்கிறது, 2005-ல் தொடங்கியது. 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட வரலாறு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கிடைச்சாச்சு, நம்பலாமா?

பெரிய இதழில் வந்துவிட்டால் போதாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998-ல் ‘லான்செட்’ இதழில்தான் வெளியானது. ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை. 2010-ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. ஃபார்வர்டுகளில் இன்னமும் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே, கட்டுரையை இதழின் சொந்தப் பக்கத்தில் திறந்து, திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூகுள் ஸ்காலரில், அந்தக் கட்டுரைக்குக் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கு லிங்க் இருக்கும். பின்னால் வந்தவர்கள் அதை ஏற்றார்களா, கிழித்தார்களா என்பது அங்கே தெரியும்.

எந்த வழியிலும் கட்டுரை கிடைக்கவில்லையா? முதல் பக்கத்தில் ஆசிரியரின் மெயில் ஐடி இருக்கும். ‘உங்கள் கட்டுரையின் பிரதி கிடைக்குமா?’ என்று இரண்டு வரி எழுதிப் பாருங்கள். பலர் சந்தோஷமாகவே அனுப்புகிறார்கள்.