தாழம்பூ செடி வெச்சும் பூவே வரலையா? காரணம் இதுதான்!

குளத்தங்கரை, வாய்க்கால் ஓரம், கடலோரம்னு ஈரம் இருக்கும் இடமெல்லாம் புதராக மண்டிக் கிடக்கும் செடி தாழை. வீட்டுத் தோட்டத்தில் வைத்து வருஷக்கணக்கில் காத்திருந்தும் மணக்கும் பூ வரவில்லை என்று பலர் சொல்வார்கள். என்ன காரணம்? பார்க்கலாம் வாங்க.

ஆண் செடியா, பெண் செடியா?

தாழையில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. நாம் தலையில் சூடும் தாழம்பூ, ஆண் செடியில் வருவது. பெண் செடியில் அன்னாசி மாதிரி காய்தான் வரும். விதை போட்டு வளர்த்தால் எது வரும்னு பூக்கும் வரை தெரியாது. அதனால, பூத்துக் கொண்டிருக்கும் ஆண் செடியைப் பார்த்து, அதன் பக்கக்கன்றைப் பிரித்து நடுங்க. தாய்ச்செடி ஆண் என்றால் கன்றும் ஆண்தான்.

எங்கே, எப்போது நடலாம்?

நல்ல வெயில், ஈரப்பதமுள்ள மணற்பாங்கான மண் போதும். உப்பு மண்ணையும் தாங்கும். மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது நல்லது. நடும்போது இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டால் கன்று சீக்கிரம் வாடாது. வேர் பிடிக்கும் வரை மண் காயக் கூடாது. அதே நேரம், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வேண்டாம். கரை மேட்டில் வைங்க. பூக்க மூணு, நாலு வருஷம் ஆகும். பொறுமை முக்கியம்.

இதை மறக்காதீங்க

இலை ஓரமெல்லாம் முள். செடியும் நன்றாகப் பரவும். நடைபாதை, குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். தொட்டிக்கும் சரிப்படாது.

புதர்தானேன்னு வெட்டலாமா?

தண்டிலிருந்து இறங்கி முட்டுக் கொடுக்கும் வேர்கள் கரை மண்ணை இறுகப் பிடித்துக் கொள்ளும். தாழையை வழித்தெடுத்த கரையில் அந்தப் பிடிப்பு போய்விடும். மழையில் மண் சுலபமாக அரிக்கும்.

பூவுக்கு மதிப்பும் உண்டு. பிரியாணியில் சேர்க்கும் கேவ்ரா வாட்டர் தாழம்பூவில் இருந்து எடுப்பதுதான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இது பெரிய தொழில். அங்கே பூ பறித்து விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம்.

உங்க ஊர் கரையில் தாழை இருந்தால், வெட்டும் முன் ஒரு முறை யோசிங்க. அதில் ஒரு கன்று உங்க தோட்டத்துக்கும் வரலாம்!