தேவாங்கும் அகத்தியும்: ஓர் ஒப்பீடு



ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருக்கிற பிள்ளையைப் பார்த்து ‘தேவாங்கு மாதிரி இருக்கு’ என்கிறோம். ‘அகத்தி ஆயிரம் காய் காய்த்தாலும் புறத்தி புறத்தியே’ என்று பழமொழியும் சொல்கிறோம். இப்படி நம் பேச்சில் இளப்பமாக வந்துபோகும் இந்த இரண்டுமே கூலி வாங்காமல் நமக்கு உழைப்பவை.

எதில் ஒற்றுமை?

அகத்தி, துவரை உளுந்தைப் போலப் பயறு வகைக் குடும்பம். அதன் வேர் முடிச்சில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. கீரையும் பூவும் நமக்கு, தழை ஆட்டுக்கு. கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைத் தாங்குவதும் அதுதான்.

தேவாங்கு, குரங்குக்குத் தூரத்துச் சொந்தம். வால் கிடையாது. எடை கால் கிலோ அளவுதான். பகலெல்லாம் முள்மரத்திலோ புதரிலோ சுருண்டு தூங்கும். ராத்திரியில் வண்டு, எறும்பு, பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் அதில் அடக்கம்.

எதில் வேற்றுமை?

அகத்தியை ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். பட்டுப்போனாலும் ஒரு பிடி விதை போதும். தேவாங்கு அப்படியில்லை. ஐந்தரை மாதம் போலச் சுமந்து, ஒரு ஈற்றுக்கு ஒன்றோ இரண்டோ குட்டிதான் போடும். அதற்குத் தாவவும் தெரியாது, கிளைக்குக் கிளை பிடித்துத்தான் போகும். நடுவில் மரத்தை வெட்டிவிட்டால் தரையில் இறங்க வேண்டியதுதான். அப்போது வண்டியில் அடிபடும், நாயிடம் மாட்டும்.

மருந்துக்கு ஆகும், செய்வினைக்கு ஆகும் என்று அதைப் பிடிப்பவர்களும் உண்டு. இது வெறும் மூடநம்பிக்கை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேவாங்கைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம், ஜெயில் தண்டனை உண்டு. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டை, நாட்டிலேயே முதல் தேவாங்கு சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று பெயர்.

நாம் என்ன செய்யலாம்?

1. வேலியோர முள்மரம், புதர்களை அடியோடு வெட்டாமல், தீ வைக்காமல் விடுவோம்.
2. தேவாங்கைப் பார்த்தால் தொட வேண்டாம், கல்லெறிய விட வேண்டாம். அடிபட்டுக் கிடந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்வோம்.
3. பிடிக்க வருபவர்களுக்கு வழி காட்ட மாட்டோம் என்று குழுவில் தீர்மானம் போடுவோம்.

அகத்தியை நாம் நட்டு வளர்க்க முடியும். தேவாங்கை நட முடியாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும். அடுத்த குழுக் கூட்டத்தில், சேமிப்பு வரவு எழுதி முடித்ததும் இதையும் பத்து நிமிஷம் பேசுவோமா?