முன்கூட்டிக் கண்டறிந்தால் உயிர் பிழைக்குமா? ஜப்பான் கைவிட்ட குழந்தைப் பரிசோதனை

ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்துப் புற்றுநோயைக் கண்டறியும் நாடு தழுவிய திட்டத்தை ஜப்பான் அரசு 2004ஆம் ஆண்டு நிறுத்தியது. சுமார் இருபது ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தில் சோதனை முறை தோற்றுவிடவில்லை. அது தேடியதைக் கண்டுபிடிக்கவே செய்தது. அதனால் உயிர்கள் காக்கப்பட்டனவா என்பதுதான் கேள்வியாக எழுந்தது.

அந்தச் சோதனையின் மையத்தில் இருந்த பொருட்களில் ஒன்று ஹோமோவனிலிக் அமிலம்.

கழிவு சொல்லும் செய்தி

நரம்பு உயிரணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன், தன் பணி முடிந்ததும் நொதிகளால் படிப்படியாகச் சிதைக்கப்படுகிறது. அதன் இறுதி விளைபொருளே இந்த அமிலம். இது சிறுநீருடன் வெளியேறுகிறது.

இதே அமிலம் தூய்மையான பொடியாகவும் தயாரிக்கப்பட்டு ஆய்வுக்கூடங்களுக்கு விற்கப்படுகிறது. அளவு தெரிந்த இந்தப் பொடியின் கரைசலோடு ஒப்பிட்டே, நோயாளியின் சிறுநீரில் அமிலம் எவ்வளவு உள்ளது என்று கணக்கிடப்படுகிறது.

நியூரோபிளாஸ்டோமா என்பது சிறு குழந்தைகளின் அட்ரீனல் சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டிய நரம்புத் திசுக்களிலோ தோன்றும் புற்றுநோய். இக்கட்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த அமிலம் வழக்கத்தை விட அதிகமாகச் சுரக்கும். ஒரு வயதுக்கு முன் கண்டறியப்படும் குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கின்றனர்; அதற்குப் பிறகு கண்டறியப்படுவோர் பலர் இறக்கின்றனர். எனவே, முன்கூட்டித் தேடினால் இறப்பு குறையும் என்று கருதப்பட்டது.

1970களில் கியோட்டோவில் தொடங்கிய இம்முயற்சி, 1980களின் நடுவில் ஜப்பான் முழுவதற்கும் விரிந்தது. பெற்றோர் குழந்தையின் சிறுநீரை வடிதாளில் நனைத்துத் தபாலில் அனுப்பினர். நுண்ணிய கருவிகள் வந்ததும் கண்டறியப்பட்டோர் தொகை மேலும் உயர்ந்தது.

இரு நாடுகளின் விடை

கனடாவின் கியூபெக் மாகாணமும் ஜெர்மனியும் இதை ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்தன. கியூபெக்கில் 1989 முதல் 1994 வரை பிறந்த குழந்தைகள் மூன்று வார வயதிலும் ஆறு மாத வயதிலும் சோதிக்கப்பட்டனர். ஜெர்மனியில் ஆறு மாநிலங்களில் சுமார் 15 லட்சம் குழந்தைகள் ஒரு வயதை ஒட்டிச் சோதிக்கப்பட்டனர்.

இரு ஆய்வுகளின் முடிவுகளும் 2002ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. பரிசோதனையால் இறப்பு குறையவில்லை என்றே இரண்டும் கூறின.

ஜெர்மனியில் சோதனை கண்டுபிடித்த 149 குழந்தைகளில் மூவர் இறந்தனர். சோதனையில் குறையில்லை என்று கூறப்பட்டுப் பின்னர் நோய்வாய்ப்பட்ட 55 பேரில் 14 பேர் இறந்தனர்.

காரணம் நோயின் இயல்பிலேயே உள்ளது. கைக்குழந்தைகளின் இக்கட்டிகளில் பல தாமாகவே மறைந்துவிடுபவை. கொல்லும் கட்டிகளோ பெரும்பாலும் வேறு வகையானவை. அவை பிந்தியே வெளிப்படுகின்றன. ஆக, தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிக்காகப் பல குழந்தைகள் அறுவை சிகிச்சைக்கும் வேதிச் சிகிச்சைக்கும் உள்ளாக நேர்ந்தது.

எனினும் விவாதம் முற்றாக ஓயவில்லை. சோதிக்கப்பட்டோரிடையே இறப்பு குறைவாக இருந்ததாக 2008ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியான ஜப்பானிய ஆய்வு கூறியது. ஆனாலும் ஜப்பான் அரசு நாடு தழுவிய திட்டத்துக்குத் திரும்பவில்லை.

நோய் அறிகுறி உள்ள குழந்தைகளுக்கு இந்த அமிலத்தை அளப்பது இன்றும் பயனுள்ள சோதனையே. ஆனால் நலமாக உள்ள குழந்தையிடம் அதே அளவு உயர்ந்திருந்தால், கட்டி இருக்கக்கூடும் என்று மட்டுமே அது சொல்லும். அந்தக் கட்டி உயிரைப் பறிக்குமா, தானே மறையுமா என்பதை அது சொல்லாது.